தனி வண்டியில் டோரோ பள்ளத்தாக்கு: ஒருநாள் ஒயின் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

ரேகுவா ஊரைத் தாண்டிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். சாலை ஒரு வளைவில் திரும்பியதும், ஆற்றின் எதிர்க்கரை மலை அடிமுதல் உச்சிவரை படிப்படியாகச் செதுக்கி வைத்தாற்போல் எழுந்து நின்றது. "இங்கே சற்று நிறுத்த முடியுமா?" என்று கேட்டேன். ஓட்டுநர் அகலமான இடம் பார்த்து ஓரங்கட்டினார். கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். அதற்குள் இரண்டு பெரிய சுற்றுலாப் பேருந்துகள் எங்களைக் கடந்து போய்விட்டன. தனி வண்டிக்கு நாம் கொடுக்கும் கூடுதல் பணம் அந்தக் கால் மணி நேரத்துக்காகத்தான். நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பிடித்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இருக்கலாம். அந்தச் சுதந்திரத்தை வீணாக்காமல் ஒரு நாளை அமைத்துக்கொள்வது எப்படி என்று, போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்குக்கு முதல்முறை போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், போகிற இடத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

இனிப்பும் வீரியமும் மிக்க போர்ட் ஒயின் பிறப்பது இங்கேதான். இந்த ஒயினுக்கான திராட்சை எந்த நிலத்தில் விளையலாம் என்று 1756-ஆம் ஆண்டில் போர்ச்சுகல் அமைச்சர் பொம்பால் பிரபுவின் ஆட்சி எல்லை வகுத்தது. எல்லை நெடுகக் கருங்கல் தூண்களை நட்டார்கள். அவற்றில் சில இன்றும் தோட்டங்களுக்கு நடுவே நிற்கின்றன. சட்டம் போட்டு எல்லை வகுத்த ஒயின் பகுதிகளில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் இதுவும் ஒன்று. யுனெஸ்கோ 2001-ஆம் ஆண்டில் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்த மலைகளில் மண் என்று சொல்லும்படி அதிகம் கிடையாது. தகடு தகடாகப் பிளக்கும் சிஸ்ட் பாறைதான். அதை உடைத்து, உடைத்த கல்லையே சுவராக அடுக்கி, சுவருக்குப் பின்னால் கல்தூளை நிரப்பிக் கொடி நட்டிருக்கிறார்கள். சாந்து பூசாத சுவர்கள். கல்லின் மேல் கல் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். கொடியின் வேர் பாறைப் பிளவுகள் வழியாகத் தண்ணீர் தேடிக் கீழே இறங்குகிறது. 1860-களில் ஃபிலோக்செரா என்ற வேர்ப்பூச்சி வந்து தோட்டங்களை அழித்தபோது கைவிடப்பட்ட படிகளும் உண்டு. புதர் மண்டிக் கிடக்கும் அவற்றை அங்குள்ளவர்கள் 'மொர்த்தோரியோ' என்கிறார்கள். வழிகாட்டியிடம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு, பராமரிக்கப்படும் படிகளைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

"ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்" என்று இந்தப் பகுதியைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். சிஸ்ட் பாறை பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மாலையிலும் சுடும். மே, ஜூன் தொடக்கம் இதமானவை. கொடிகள் பச்சைப் பசேலென்று இருக்கும். அறுவடை பெரும்பாலும் செப்டம்பரில் நடக்கிறது. அக்டோபர் பிற்பாதியிலும் நவம்பரிலும் இலைகள் செம்பும் மஞ்சளுமாக மாறும். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கடைசிப் பருவத்தைத்தான்.

அறுவடை நேரத்தில் போனால் வேலையைக் கண்ணால் பார்க்கலாம். ஆனால் தோட்டக்காரர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

படி 2: வண்டியா, ரயிலா, ஓட்டுநரா?

கடலோர நகரமான போர்ட்டோவிலிருந்து பள்ளத்தாக்கின் நடுவே இருக்கும் பின்யாவ் என்ற சிற்றூருக்குச் சுமார் 130 கிலோமீட்டர். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். வாடகைக் கார் எடுத்து நீங்களே ஓட்டலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பதே என் கருத்து. போர்ச்சுகலில் ஓட்டுநரின் இரத்தத்தில் ஆல்கஹால் அளவு லிட்டருக்கு 0.5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். உரிமம் பெற்று மூன்று ஆண்டு ஆகாதவர்களுக்கு 0.2 கிராம்தான். போர்ட் ஒயினில் ஆல்கஹால் 19 முதல் 22 சதவீதம். வளைந்து வளைந்து போகும் மலைச்சாலையில் சட்டத்துக்கு உட்பட்ட அளவுகூட ஆபத்துதான். உங்கள் குழுவில் ஒயினே தொடாத ஒருவர் இருந்து, அவரே மனம் உவந்து ஓட்டினால் வேறு விஷயம்.

செலவைக் குறைக்க நினைப்பவர்களுக்கு ரயில் நல்ல வழி. போர்ட்டோவின் கம்பன்யா நிலையத்திலிருந்து பின்யாவுக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். போகும்போது வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். பாதி வழிக்குமேல் தண்டவாளம் ஆற்றை ஒட்டியே ஓடுகிறது. ஒரு நாளைக்குச் சில ரயில்களே உண்டு என்பதால், திரும்பும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு மற்றவற்றை முடிவு செய்யுங்கள்.

மூன்று நான்கு பேராகச் சேர்ந்தால் ஓட்டுநரும் வழிகாட்டியுமாக ஒருவரே வரும் தனி வண்டிதான் எல்லா வகையிலும் வசதி.

படி 3: ஏற்பாட்டாளரிடம் இவற்றை எழுத்தில் கேளுங்கள்

முன்பணம் கட்டுவதற்கு முன்பு ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் கேட்டுவிடுவது நல்லது. நான் அனுப்பும் கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நாங்கள் நான்கு பேர். காலை எட்டரைக்கு விடுதியிலிருந்து புறப்பட்டு மாலை ஏழுக்குள் திரும்ப விரும்புகிறோம். கட்டணம் வண்டிக்கா, ஆளுக்கா? தோட்ட நுழைவு, சுவைப்பு, மதிய உணவு, படகு, சாலைச் சுங்கம் ஆகியவற்றில் எவை இதில் சேரும்? எந்தத் தோட்டங்களுக்குப் போகிறோம்? அங்கே நாங்கள் மட்டும் இருப்போமா, வேறு குழுவும் சேருமா? வழியில் இரண்டு மூன்று இடங்களில் நிறுத்திக்கொள்ளலாமா? எங்களில் ஒருவர் சைவம், ஒருவர் மது அருந்தாதவர்."

'தனிப் பயணம்' என்று பெயர் போட்டுவிட்டு, தோட்டத்துக்குள் இருபது பேருடன் சேர்த்து அனுப்பிய அனுபவம் எனக்கு உண்டு. வண்டி மட்டும்தான் தனி என்பது அங்கே போன பிறகே தெரிந்தது. அதனால்தான் நாங்கள் மட்டும்தானா என்ற அந்தக் கேள்வியை நான் விடுவதே இல்லை. போர்ச்சுகலில் இத்தகைய பயணங்களை நடத்தும் நிறுவனங்கள் அரசின் சுற்றுலாப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் ஒழுங்கானவர்கள் தயங்காமல் கொடுப்பார்கள்.

படி 4: இரண்டு தோட்டங்கள் போதும்

தோட்டமும் வீடும் ஒயின் கூடமும் சேர்ந்த பண்ணையை 'கிண்டா' என்பார்கள். என் முதல் பயணத்தில் மூன்று கிண்டாக்களை அடுக்கி வைத்திருந்தேன். மூன்றாவதில் என்ன பார்த்தேன், என்ன குடித்தேன் என்று ஒன்றும் நினைவில் இல்லை. ஒரு பெரியது, ஒரு சிறியது என்று இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பின்யாவ் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய கிண்டா டோ பொன்ஃபிம் முதல்முறை போகிறவர்களுக்குப் பொருத்தமானது. எல்லாவற்றையும் தெளிவாக விளக்குகிறார்கள். இரண்டாவதாக ஒரு குடும்பமே நடத்தும் சிறிய தோட்டத்தை வழிகாட்டியிடம் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். எங்கேயும் முன்பதிவு இல்லாமல் போய் நிற்காதீர்கள்.

உள்ளே 'லகார்' என்ற கருங்கல் தொட்டிகளைக் கட்டாயம் பாருங்கள். ஆழம் அதிகம் இருக்காது. அறுவடைக் காலத்து மாலைகளில் திராட்சையை இதில் கொட்டிக் காலால் மிதிக்கும் வழக்கம் சில தோட்டங்களில் இன்னும் இருக்கிறது. முதலில் தோளோடு தோள் கோத்து, ஒருவர் தாளம் சொல்ல, வரிசையாக மெல்ல மெல்ல மிதிப்பார்கள். பிறகு வரிசை கலைந்து பாட்டும் ஆட்டமுமாக மாறும். மனிதப் பாதம் விதையை நசுக்காமல் தோலை மட்டும் கசக்கும். அதனால் கசப்பு இறங்காமல் நிறமும் மணமும் இறங்கும்.

சாறு நொதித்துக்கொண்டிருக்கும்போதே அதில் 77 சதவீத வீரியமுள்ள திராட்சைச் சாராயத்தைச் சேர்க்கிறார்கள். நொதித்தல் அங்கேயே நின்றுவிடுகிறது. சர்க்கரையில் ஒரு பகுதி ஒயினிலேயே தங்கிவிடுகிறது. போர்ட் இனிப்பாகவும் வீரியமாகவும் இருப்பதன் காரணம் இவ்வளவுதான்.

கிடங்கின் இருட்டில் வழிகாட்டி ஒரு பெரிய மரக்கலத்தைத் தட்டி "பிப்பா" என்றார். நம் 'பீப்பாய்' போர்த்துக்கீசியத்திலிருந்து வந்த சொல் என்று படித்திருக்கிறேன்; ஆனால் அந்தச் சொல் தன் சொந்த ஊரில், ஓக் மரமும் பழைய ஒயினும் மணக்க, காதில் விழுந்தபோது உடல் சிலிர்த்தது. ஜன்னலும் சாவியும்கூட அங்கிருந்து வந்தவைதாம்.

படி 5: காலையில் வேகமாகப் போய், சாலையில் மெதுவாக வாருங்கள்

போர்ட்டோவிலிருந்து ஏ4 நெடுஞ்சாலையில் அமரான்ட்டே வழியாகப் போனால், மராவ் மலையைக் குடைந்து 2016-ஆம் ஆண்டில் திறந்த சுரங்கச் சாலை வரும். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளம். அதைத் தாண்டி விலா ரியாலில் தெற்கே திரும்பினால் பத்து மணிக்கெல்லாம் ரேகுவாவில் இருப்பீர்கள்.

அங்கிருந்து பின்யாவ் வரை ஆற்றை ஒட்டி ஓடும் என்222 சாலைக்கு ஒரு மணி நேரத்தை முழுதாக ஒதுக்குங்கள். தூரம் 27 கிலோமீட்டர்தான். கார் வாடகை நிறுவனமான ஏவிஸ் 2015-ஆம் ஆண்டில் இதையே உலகின் சிறந்த கார்ப் பயணச் சாலையாகத் தேர்ந்தெடுத்தது. 'நிறுத்துங்கள்' என்று சொல்லத் தயங்காதீர்கள். அதற்குத்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். வளைவுகளில் தலை சுற்றுபவர்கள் முன்னிருக்கையில் உட்காரட்டும்.

பின்யாவ் ரயில் நிலையத்துக்கு ரயிலில் வராதவர்களும் போகவேண்டும். சுவர்களில் 1937-ஆம் ஆண்டில் பதித்த, பீங்கான் ஓடுகளில் தீட்டிய 24 சித்திரங்கள் இருக்கின்றன. கூடை சுமக்கும் ஆண்கள், திராட்சை பறிக்கும் பெண்கள், பீப்பாய் ஏற்றிய படகுகள் என்று பள்ளத்தாக்கின் ஓராண்டு உழைப்பு முழுவதும் நீல நிறத்தில். தோட்டத்துக்குள் போவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

படி 6: சுவைக்கும்போது

வெறும் வயிற்றோடு உட்காராதீர்கள். இனிப்பில்லாத ஒயின்களை முதலில், போர்ட்டைக் கடைசியில் சுவைக்க வேண்டும். வரிசை மாறினால் முன்னது புளிப்பாகத் தெரியும். ஒவ்வொரு கோப்பையையும் முதலில் முகருங்கள். ஒரு மடக்கு எடுத்து வாய் முழுவதும் சுழலவிடுங்கள். பக்கத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தில் உமிழ்வது அவமரியாதை இல்லை. அந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் செய்வதுதான்.

ரூபி, டோனி என்ற இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். ரூபியைக் காற்று அதிகம் படாமல் வைப்பதால் சிவப்பும் பழச்சுவையும் மாறாமல் இருக்கும். டோனி மரப் பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் கிடந்து, மெல்லக் காற்று பட்டுப் பழுப்பாக மாறியது. 10 ஆண்டு டோனியையும் 20 ஆண்டு டோனியையும் பக்கத்தில் பக்கத்தில் கேட்டு வாங்கி, வெள்ளைத் தாளின் மேல் சாய்த்துப் பாருங்கள். ஒன்றின் விளிம்பில் செம்மை இன்னும் மிச்சமிருக்கும். மற்றொன்று தேன் நிறத்துக்கு நெருங்கியிருக்கும். முதலாவதில் உலர்ந்த பழம், இரண்டாவதில் வறுத்த கொட்டை. விளக்கம் படித்துத் தெரிந்துகொள்ள முடியாததை அந்த இரண்டு கோப்பைகள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும்.

மது அருந்தாதவர்களும் இந்தப் பயணத்துக்குத் தாராளமாக வரலாம். திராட்சைச் சாறு கிடைக்குமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

படி 7: மதிய உணவு

கிண்டாவிலேயே சாப்பிடுவது நல்லது; சைவம் என்றால் முன்னதாகச் சொல்லியிருக்க வேண்டும். உணவகத்தில் உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டியும் ஆலிவ் காயும் வைப்பார்கள். அது இலவசம் அல்ல. வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

படி 8: பிற்பகலை ஆற்றுக்குக் கொடுங்கள்

பின்யாவ் துறையிலிருந்து 'ரபேலோ' படகில் ஒரு மணி நேரச் சவாரி போகலாம். தட்டையான அடிப்பகுதி கொண்ட இந்தப் படகுகள்தான் ஒரு காலத்தில் பீப்பாய்களைக் கடலோரத்துக்கு, போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் விலா நோவா டி காயா கிடங்குகளுக்குச் சுமந்து சென்றன. ஆறு அப்போது பாறையும் சுழலுமாக இருந்தது. போர்ட் வணிகரும் டோரோவின் வரைபடத்தை வரைந்தவருமான ஜோசஃப் ஃபாரஸ்டர் 1861-ஆம் ஆண்டில் மேல் டோரோவின் வலேய்ரா சுழலில் படகு கவிழ்ந்து மூழ்கி இறந்தார். பின்னாளில் அணைகள் வந்து நீரை அடக்கிவிட்டன. இன்று நீங்கள் போவது ஏரிபோல அமைதியான நீரில்.

படகிலிருந்து இறங்கியதும் மேலே கசால் டி லோய்வோஸ் ஊருக்கு ஏறச் சொல்லுங்கள். பின்யாவும் பாலமும் ஆற்றின் வளைவும் ஒரே பார்வையில் கிடைக்கும் இடம் அது. இங்கே நேரக்கணக்கு பார்க்க வேண்டாம். மாலை நிழல் படிகளில் ஒவ்வொன்றாக ஏறி வருவதை நான் முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படி 9: பாட்டில் வாங்கினால்

விமானத்தில் கைப்பையில் பொதுவாகக் கொண்டுபோக முடியாது. துணிகளுக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். ஊருக்குத் திரும்பித் திறந்த டோனி பாட்டில் குளிர்பதனப் பெட்டியில் சில வாரங்கள் தாங்கும். ஒரே ஆண்டு அறுவடையில் செய்து பாட்டிலிலேயே முதிரும் விண்டேஜ் போர்ட் வாங்கியிருந்தால் படுக்கை நிலையில் வையுங்கள். குடிக்கப்போகும் நாளுக்கு முந்தைய நாளே நிமிர்த்தி வைத்தால் கசடு அடியில் படியும். மெதுவாகச் சாய்த்து வேறு கலத்தில் ஊற்றுங்கள். திறந்த பிறகு அது இரண்டு நாளுக்கு மேல் நிற்காது. ஆகவே, நாலைந்து பேர் சேரும் நாள் பார்த்துத் திறங்கள்.