எல்கேஜி டீச்சராகப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"சின்னப் பிள்ளைகள்தானே, ஏபிசிடி சொல்லிக்கொடுக்கப் பெரிய படிப்பா வேண்டும்?" வீட்டிலும் இப்படிச் சொல்வார்கள், பள்ளித் தாளாளரும் சொல்வார். முதல் தவறு இதுதான். மூன்று வயதுப் பிள்ளையின் விரல்களுக்குப் பென்சில் பிடிக்கும் பலமே வந்திருக்காது. களிமண் உருட்டுவதும் மணி கோப்பதும்தான் அந்த வயதுக்கு எழுத்துப் பயிற்சி. இது தெரியாதவர் நான்கு வரி நோட்டை நீட்டிவிடுவார்.

அரசும் இதே தவறைச் செய்தது. 2019இல் தமிழ்நாட்டில் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி தொடங்கியபோது, தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்குப் பயிற்சி பெற்று, உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். பலர் எதிர்த்து நீதிமன்றம் வரை போனார்கள். 2022இல் அவர்களைப் பழைய பள்ளிகளுக்கே திருப்பி அனுப்பிவிட்டு, மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை வைக்க முடிவானது. அந்தத் தொகைக்கு யார் தங்குவார்கள்?

பி.எட். இருந்தால் எங்கும் போகலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பி.எட். படித்தவர்களும் வரலாம் என்று 2018இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் கதவைத் திறந்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மூடிவிட்டது. டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வும் ஒன்றாம் வகுப்பிலிருந்துதான். அதில் தேறிவிட்டால் பால்வாடிப் பிள்ளைகளைச் சமாளிக்கத் தெரிந்துவிடும் என்று எண்ண வேண்டாம். மழலையர் கல்விக்கென்றே இரண்டு ஆண்டு டிப்ளமோ தனியாக இருக்கிறது.

அப்புறம் அந்த போஸ்டர்கள். "மூன்றே மாதத்தில் மாண்டிசோரி சான்றிதழ், வேலை உறுதி!" இந்த முறையை உருவாக்கிய இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையாரே 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். பொருட்களைத் தொட்டுப் பழகுவதுதான் அவர் முறையின் உயிர். அதை ஆன்லைன் வீடியோவில் பார்த்துக் கற்றுக்கொள்வது, கரையில் நின்று நீச்சல் பழகுவது போல. பணம் கட்டுமுன் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எத்தனை நாள் பிள்ளைகளோடு வகுப்பில் இருக்க விடுவீர்கள்? பதில் மழுப்பலாக வந்தால் கிளம்பிவிடலாம்.

அதற்கும் முன்னால், தெரிந்த பள்ளி ஏதாவதில் அனுமதி கேட்டு, ஜூன் மாத முதல் வாரத்தில் எல்கேஜி வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். இருபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் அம்மாவைக் கேட்டு அழும். மறுநாளும் போகத் தோன்றினால், சரி, ஃபீஸ் கட்டுங்கள்.