மூச்சுத் திணறலுக்கு ஸ்கேன்: முதலில் நுரையீரல், அப்புறம் இதயம்

மூச்சு வாங்க நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரின் நெஞ்சில் வீசிங் கேட்டதும் ஆஸ்துமா என்று முடிவு கட்டிவிட முடியாது. இதயச் செயலிழப்பால் நுரையீரலில் நீர் கோத்தாலும் வீசிங் வரும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் படுக்கையருகே ஸ்கேன் மிஷினை உருட்டி வருகிறோம். ஆக்சிஜனும் ஈசிஜியும் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

புதிதாகக் கற்பவர்கள் புரோப்பை (உடம்பில் வைக்கும் ஸ்கேன் கருவியின் கைப்பிடி) எடுத்ததும் நேரே இதயத்துக்குப் போகிறார்கள். நான் நுரையீரலில் தொடங்கச் சொல்வேன். நோயாளியைப் படுக்க வைக்க வேண்டாம். படுத்தால் திணறல் கூடும். வளைந்த முகப்புள்ள வயிற்று புரோப்பே போதும். ஆழம் 15 செ.மீ. சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். படத்தை வழவழப்பாக்கும் ஹார்மோனிக்ஸ், காம்பவுண்ட் இமேஜிங் இரண்டையும் அணைத்துவிடுங்கள். நாம் தேடுவதே ஒலி எதிரொலித்து உண்டாகும் பொய்க் கோடுகளைத்தான், மிஷின் அவற்றை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடும்.

புரோப்பை நெடுக்காக, இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவே வையுங்கள். இரண்டு கருநிழல்களுக்கு இடையில் மூச்சோடு சேர்ந்து வழுக்கும் வெள்ளைக் கோடு ப்ளூரா, அதாவது நுரையீரலின் உறை. அதற்குக் கீழே சம இடைவெளியில் படுக்கைக் கோடுகள் தெரிந்தால் அவை ஏ லைன். அந்த இடத்தில் நீர் இல்லை. ப்ளூராவிலிருந்து டார்ச் வெளிச்சம் போலக் கிளம்பி, மங்காமல் திரையின் அடிவரை இறங்கி, ஏ லைனை அழித்துக்கொண்டு, மூச்சோடு சேர்ந்து ஆடுவது பி லைன். பாதியிலேயே கரைந்துபோகும் வால்களை எண்ணாதீர்கள்.

ஒரு விலா இடைவெளியில் பி லைன் 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தப் பகுதி பாசிட்டிவ். முன்பக்கமும் பக்கவாட்டிலுமாக ஒரு பக்கத்துக்கு 4 பகுதி பாருங்கள். இரு பக்கமும் தலா 2 பகுதியாவது பாசிட்டிவாக இருந்தால் நுரையீரலில் நீர் என்ற சந்தேகம் வலுக்கிறது.

சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை. நிமோனியா, ஏஆர்டிஎஸ் (நுரையீரல் திடீரெனக் கடுமையாகப் பாதிக்கப்படும் நிலை), நுரையீரல் நார்த்தடிப்பு எல்லாவற்றிலும் பி லைன் வரும். அங்கே ப்ளூராவைக் கூர்ந்து பாருங்கள்: கரடுமுரடாக, தடித்து, நடுநடுவே சுத்தமான பகுதிகள் விட்டு இருக்கும். இதயச் செயலிழப்பில் ப்ளூரா பெரும்பாலும் மெலிதாக, வழவழப்பாக இருக்கும். கோடுகள் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மாதிரி பரவியிருக்கும். டயாலிசிஸ் தவறியவருக்கும் இதே படம் வரும் என்பதால் நோயாளியின் கதையைக் கேட்காமல் ஸ்கேனை மட்டும் நம்பாதீர்கள். புரோப்பை அப்படியே கீழே, உதரவிதானம் வரை இறக்கி நுரையீரலைச் சுற்றிச் சேரும் ப்ளூரல் நீரையும் பார்த்துவிடுங்கள்.

இப்போது இதயம். மார்பெலும்புக்கு இடப்புறம் நீள்வெட்டுப் படம் எடுங்கள். இடது வென்ட்ரிக்கிள் (இதயத்தின் இடது கீழறை) நன்றாகச் சுருங்குகிறதா, சுமாரா, மோசமா என்று கண்ணாலேயே பாருங்கள், சதவீதம் தேவையில்லை. உறுதி வேண்டுமென்றால் மிட்ரல் வால்வின் முன் இதழ் முழுதாகத் திறக்கும்போது அதன் நுனிக்கும் செப்டத்துக்கும் (இரு வென்ட்ரிக்கிள்களுக்கு நடுவிலுள்ள சுவர்) உள்ள இடைவெளியை, அசைவைக் கோடாகக் காட்டும் எம் மோடில் அளக்கலாம். 7 மி.மீ.க்கு மேல் போனால் சுருக்கம் குறைவு என்று நினைக்கலாம். மிட்ரல் ஸ்டெனோசிஸோ (வால்வு குறுகுதல்) அயோர்ட்டிக் வால்வுக் கசிவோ இருந்தால் இந்த அளவை விட்டுவிடுங்கள். சுருக்கம் நன்றாக இருப்பதால் இதயச் செயலிழப்பு இல்லை என்று ஆகிவிடாது. இதயம் விறைத்துத் தளராமல் போனாலும் நீர் கோக்கும். நான் நுரையீரலை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

ஐவிசிக்கு (உடலின் கீழ்ப்பகுதி ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் பெரிய சிரை) அளவுக்கு மீறி மதிப்பு கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். 2.1 செ.மீ.க்கு மேல் அகன்று, மூக்கை உறிஞ்சும்போது பாதிகூடச் சுருங்காவிட்டால் வலது ஏட்ரியத்தில் (வலது மேலறை) அழுத்தம் அதிகம், அவ்வளவுதான். ஐவிசி புடைத்திருந்தும் நுரையீரல் காய்ந்திருந்தால் நுரையீரல் ரத்தக்கட்டியையும், இதய உறையில் நீர் சேர்ந்து அழுத்துவதையும் நினைத்து, வலது வென்ட்ரிக்கிளையும் இதய உறையையும் உடனே பாருங்கள்.

எந்தப் பகுதியில் எத்தனை பி லைன் என்று கேஸ் ஷீட்டில் நேரத்தோடு எழுதுங்கள். நீர் பிரியும் மருந்து கொடுத்த சில மணி நேரத்தில் அதே இடங்களில் மறுபடி வைத்தால் கோடுகள் குறைந்திருக்க வேண்டும். குறையவே இல்லையென்றால் நோயை மறுபடி யோசியுங்கள்.