உளவியல் மாணவர்களை வேலைக்குத் தயார்படுத்துவது எப்படி: வகுப்பு எடுப்பவர்களுக்குச் சில வழிகள்

உளவியல் கடைசி வருடம் படிக்கும் ஒரு மாணவரிடம் "உனக்கு என்னென்ன வேலை செய்யத் தெரியும்?" என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சி பற்றிய பியாஜேயின் கோட்பாடு படித்திருக்கிறேன், நினைவாற்றல் படித்திருக்கிறேன், ஆளுமைக் கோட்பாடுகள் படித்திருக்கிறேன் என்று பாடத்திட்டத்தை ஒப்பிப்பார். ஆனால் அவரே போன செமஸ்டரில் ஒரு கேள்வித்தாளைத் தயாரித்து, முன்பின் தெரியாதவர்களிடம் பேசிச் சம்மதம் வாங்கி, பதில்களைத் திரட்டி, அரைகுறையானவற்றை நீக்கி, கணக்குப் போட்டு, அறிக்கையும் எழுதியிருப்பார். அதெல்லாம் ஒரு திறமை என்பது அவருக்குத் தோன்றவே தோன்றாது. எதிரே உட்கார்ந்து நேர்காணல் செய்பவருக்கும் அது தெரியப்போவதில்லை.

இவர்களிடம் திறமை குறைவாக இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. ஓரிடத்தில் கற்றது இன்னோர் இடத்தில் பயன்படும் என்பதை மனம் தானாகக் கண்டுகொள்வதில்லை, அவ்வளவுதான். இதை நிரூபித்ததும் உளவியல்தான். 1980-ல் மேரி கிக், கீத் ஹோலியோக் இருவரும் செய்த ஆய்வில் மாணவர்களுக்கு ஒரு மருத்துவப் புதிர் தரப்பட்டது. கட்டியை அழிக்கும் அளவுக்கு வலுவான கதிரைப் பாய்ச்சினால் சுற்றியுள்ள நல்ல திசுவும் சாகும், என்ன செய்வது? இதற்கு முன்பே, ஒரு கோட்டையைப் பிடிக்கத் தளபதி தன் படையைச் சிறு குழுக்களாகப் பிரித்துப் பல வழிகளில் அனுப்பும் கதையை அவர்கள் படித்திருந்தார்கள். வலுக் குறைந்த கதிர்களைப் பல திசைகளிலிருந்து கட்டியில் குவிக்கலாம் என்ற விடை அதிலேயே இருந்தும் பெரும்பாலானவர்களுக்குப் பிடிபடவில்லை. "அந்தக் கதையை வைத்து யோசி" என்று சொன்ன பிறகு மிகப் பலர் சரியாகச் சொன்னார்கள். வேலையிடத்தில் இந்த ஒரு வரிக் குறிப்பைச் சொல்ல ஆள் கிடையாது. அதனால் அதைத் தானே தனக்குச் சொல்லிக்கொள்ளும் பழக்கத்தை மாணவருக்கு நீங்கள்தான் ஏற்படுத்த வேண்டும், அதுவும் கடைசி செமஸ்டரில் நடத்தும் ஒரு நாள் பயிலரங்கில் இல்லை, முதல் வருடத்திலிருந்தே, ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கும் பாடங்களுக்குள்ளேயே.

புதுப் பாடம் எதுவும் சேர்க்க வேண்டாம். இப்போது கொடுக்கும் அசைன்மென்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முடிவில் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள்: இதைச் செய்யும்போது என்ன செய்தேன், எங்கே சிக்கினேன், எப்படி வெளியே வந்தேன், உளவியல் படிக்காத ஒருவரிடம் இதை எப்படிச் சொல்வேன். கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. "இருவழி அனோவா செய்தேன்" என்று புள்ளியியல் சோதனையின் பெயரை மட்டும் எழுதினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். "இரண்டு மாற்றங்களை ஒரே நேரத்தில் சோதித்து, எது யாரிடம் வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டினேன்" என்று எழுதும்வரை விடாதீர்கள். முதல் சில தடவை மாணவர்கள் திணறுவார்கள், முனகவும் செய்வார்கள். இதற்கு மதிப்பெண் இல்லையென்றால் யாரும் மெனக்கெட மாட்டார்கள், ஆகவே கொஞ்சமாவது மதிப்பெண் வையுங்கள்.

அப்புறம், ஒரு கருத்தை நடத்தும்போது ஒரே ஓர் எடுத்துக்காட்டோடு நிறுத்தாதீர்கள். அதே இரு ஆய்வாளர்களும் 1983-ல் வெளியிட்ட தொடர் ஆய்வில், இரண்டு வெவ்வேறு கதைகளை ஒப்பிட்டுப் பொதுவானதைத் தேடியவர்கள், அந்தக் கருத்தைப் புதிய இடத்தில் எளிதாகப் பயன்படுத்தினார்கள். உறுதிப்படுத்தும் சார்பை, அதாவது ஏற்கெனவே நம்புவதற்குச் சாதகமானதையே தேடும் போக்கை, நடத்துகிறீர்கள் என்று வையுங்கள். ஆளெடுக்கும் அதிகாரி முதல் இரண்டு நிமிடத்திலேயே முடிவு கட்டிவிட்டு அதற்கேற்ற கேள்விகளையே கேட்பது ஒன்று. செயலியை வடிவமைத்தவரே பயனரிடம் போய் "இது எளிதாக இருக்கிறதல்லவா?" என்று கேட்பது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்து, எங்கே ஒரே தவறு நடக்கிறது என்று மாணவர்களே கண்டுபிடிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் பயன் பாதியாகிவிடும்.

தரவு விஷயத்தில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. வகுப்பில் சுத்தமாக்கிய தரவைக் கொடுத்து, எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் கற்றுக்கொடுக்கிறோம். அந்த மென்பொருள் எல்லா அலுவலகத்திலும் இருக்காது, எக்செல் அநேகமாக எங்கும் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் ஆர் (R), ஜாஸ்ப் (JASP) போன்ற புள்ளியியல் மென்பொருள்களைப் பழகியவர் எங்கே போனாலும் தன் கருவியைக் கையோடு கொண்டுபோகலாம். அதைவிட முக்கியம், குப்பையான தரவைக் கொடுங்கள். ஒரே ஆள் இரண்டு முறை பதிலளித்தது, வயது இருக்க வேண்டிய இடத்தில் பிறந்த வருடம், காலியான கட்டங்கள் எல்லாம் இருக்கட்டும். முடிவில் இருபது பக்க அறிக்கையோடு ஒரு பக்கச் சுருக்கமும் கேளுங்கள். அதன் முதல் வரியிலேயே முடிவு வர வேண்டும், அடுத்து என்ன செய்யலாம் என்ற பரிந்துரை வர வேண்டும், பி-மதிப்பு (முடிவு தற்செயலா என்று பார்க்கப் பயன்படும் புள்ளியியல் எண்) வரவே கூடாது.

நேர்காணலுக்குப் பயிற்சி தரும்போது மாணவரைப் பதில் சொல்பவராக மட்டும் உட்கார வைக்காதீர்கள், கேள்வி கேட்பவராகவும் உட்கார வையுங்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகள், ஒரே மதிப்பீட்டு அளவுகோல் என்று முறைப்படுத்திய நேர்காணல், வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட ஒருவரின் வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்பது தொழில் உளவியலில் நன்கு நிலைபெற்ற முடிவு. அந்த அளவுகோலை மாணவர்களே தயாரிக்கட்டும். "நான் கடின உழைப்பாளி" என்ற பதிலுக்கு அதில் மதிப்பெண் போடவே முடியாது என்பதும், சூழல் என்ன, என் பொறுப்பு என்ன, நான் என்ன செய்தேன், என்ன விளைந்தது என்ற வரிசையில் வரும் பதிலுக்கு எளிதாகப் போடலாம் என்பதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் உடனே புரியும்.

பயிற்சிக்குப் பின் நீங்கள் சொல்லும் கருத்திலும் கவனம் தேவை. க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள் 1996-ல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பின்னூட்டம் தந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போது பயன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். "உனக்குத் தன்னம்பிக்கை போதாது" என்று சொன்னால் மாணவர் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. "இரண்டாவது பதிலில் நீ செய்தது எது, குழு செய்தது எது என்று தெரியவில்லை" என்றால் அடுத்த முறை திருத்திக்கொள்வார்.

இன்னொரு விஷயத்தை முதல் வருடத்திலேயே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுங்கள். இளங்கலைப் பட்டம் மட்டும் ஒருவரை உளவியலாளர் ஆக்காது. பல நாடுகளில் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவும் சிகிச்சை தரவும் மேற்படிப்பு, மேற்பார்வையில் பயிற்சி, உரிமம் எல்லாம் வேண்டும். இதைக் கடைசியில் தெரிந்துகொள்ளும் மாணவர் இடிந்துபோகிறார். மனிதவளம், பயனர் ஆய்வு, சந்தை ஆய்வு, சமூக சேவை, கல்வி, தரவுப் பகுப்பாய்வு என்று மற்ற வழிகளை, 'சிகிச்சையாளர் ஆக முடியாதவர்களுக்கான ஆறுதல்' மாதிரி இல்லாமல், அதனதன் மதிப்போடு அறிமுகப்படுத்துங்கள். கூடவே ஓர் எச்சரிக்கை: உடன் வேலை செய்பவருக்கு நோய்ப் பெயர் சூட்டக்கூடாது, நம்பிச் சொன்ன ரகசியத்தை வெளியே விடக்கூடாது. மனிதவளத் துறையில் சேருகிறவருக்கு இது முதல் வாரத்திலேயே தேவைப்படும்.

தொடர்புகள் பற்றிச் சுருக்கமாக ஒன்று. சமூகவியலாளர் மார்க் கிரானொவெட்டர் 1973-ல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலானவர்கள் அந்தத் தெரிந்தவரை எப்போதாவதுதான் சந்தித்து வந்தார்கள் என்று காட்டினார். ஆகவே மூன்று வருடம் முன்பு படித்து முடித்த மாணவர்களை அழையுங்கள், பெரிய பதவியில் இருப்பவர்களைவிட இவர்களுடைய பேச்சுதான் உதவும். விண்ணப்பம் எப்படி எழுதினார்கள், எத்தனை இடத்தில் நிராகரிக்கப்பட்டார்கள் என்பதெல்லாம் இவர்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

இன்டர்ன்ஷிப் நல்லதுதான். ஆனால் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப்புக்குப் போக எல்லார் வீட்டு நிலைமையும் இடம் தராது, பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மாணவரை இதில் பின்தங்க விடுவது அநியாயம். அவருடைய அந்தப் பகுதிநேர வேலையையே பாடமாக்கலாம், கோபமாக வந்த வாடிக்கையாளரைச் சமாளித்ததைப் பற்றி மேலே சொன்ன அரைப் பக்கத்தை எழுதச் சொன்னால் போதும். இல்லையென்றால் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே உண்மையான சிக்கல்களைத் தேடுங்கள். நூலகத்தில் மாணவர்கள் ஏன் உதவி கேட்கத் தயங்குகிறார்கள், ஆலோசனை மையத்தில் நேரம் பதிவு செய்துவிட்டு ஏன் வராமல் இருக்கிறார்கள் என்று நூலகரும் மைய நிர்வாகியும் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புவார்கள். ஒரு குழுவை அனுப்பி அவர்களிடமே கேள்வியை வாங்கி வரச் சொல்லுங்கள், தனிப்பட்ட விவரங்களைத் தொடும் எதற்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்குங்கள், செமஸ்டர் முடிவில் அந்த ஒரு பக்கச் சுருக்கத்தை உங்களிடம் தருவதற்கு முன்னால் நூலகரிடம் நேரில் கொண்டுபோய் விளக்கச் சொல்லுங்கள்.