சர்க்யூட் ஓடவில்லையா? முதலில் பவர் லைனைப் பாருங்கள்

வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் பழகுகிறவர்களுக்கு, கட்டிய சர்க்யூட் ஓடவில்லை என்றதும் சந்தேகம் ஐ.சி. (பல பாகங்களை ஒன்றாக அடக்கிய சில்லு) மீதுதான் விழுகிறது. புதிதாக ஒன்று வாங்கிப் பொருத்துவார்கள், அதுவும் ஓடாது. கோளாறு பெரும்பாலும் வரைபடம் இரண்டே கோடுகளில் காட்டிவிட்டு நகர்ந்துவிடும் பாசிட்டிவ், கிரவுண்ட் இணைப்புகளில்தான் இருக்கும்.

சால்டரிங் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பழகும் துளைப் பலகையான பிரெட்போர்டிலிருந்தே தொடங்கலாம். ஓரத்தில் நீளவாக்கில் ஓடும் பவர் வரிசை, பல பெரிய போர்டுகளில் நடுவில் துண்டிக்கப்பட்டிருக்கும். சிவப்பு, நீலக் கோடுகள் நடுவே விட்டுப்போயிருந்தால் உள்ளேயும் இணைப்பு இல்லை என்று பொருள். அந்த இடைவெளியை ஒரு துண்டு வயரால் இணைக்காவிட்டால் பாதி சர்க்யூட்டுக்கு மின்சாரமே போகாது. ஆகவே சப்ளை முனையில் அளந்துவிட்டு ‘5 வோல்ட் வருகிறது’ என்று நிம்மதி அடையாதீர்கள். மல்டிமீட்டரின் முனைகளை ஐ.சி.யின் பவர் காலிலும் கிரவுண்ட் காலிலும் வைத்து அளந்து பாருங்கள். மோட்டாருக்குத் தனி பேட்டரி, கண்ட்ரோல் போர்டுக்குத் தனி பேட்டரி என்று வைக்கும்போது, இரண்டின் கிரவுண்டையும் சேர்க்க மறப்பதும் இதே வகைத் தவறு. சிக்னல் திரும்பிவர வழியில்லாமல் சர்க்யூட் தாறுமாறாக நடந்துகொள்ளும்.

பலரும் அலட்சியம் செய்யும் பொருள் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர். வரைபடத்தில் அது ஒரு மூலையில் கிடப்பதால், இல்லாவிட்டாலும் ஓடும் என்று விட்டுவிடுகிறார்கள். குறித்த இடைவெளியில் பல்ஸ் (சிறு மின்துடிப்பு) தரும் சாதாரண 555 டைமர் ஐ.சி.யை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அவுட்புட் மாறும் கணத்தில், உள்ளே இருக்கும் மேல், கீழ் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் மிகச் சிறிது நேரம் சேர்ந்தே கடத்தும். சப்ளையிலிருந்து சட்டென்று பெரிய கரண்ட் இழுக்கப்படும். நீளமான வயர் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது; வோல்டேஜ் ஒரு கணம் சரிந்து எழும். பக்கத்தில் இருக்கும் கவுண்டர் ஐ.சி. அதையும் ஒரு பல்ஸ் என்று எடுத்துக்கொண்டு, ஒன்று எண்ண வேண்டிய இடத்தில் இரண்டு எண்ணும். அந்தத் திடீர் கரண்டைப் பக்கத்திலிருந்தே கொடுப்பதுதான் இந்தக் கெப்பாசிட்டரின் வேலை. ஒவ்வொரு ஐ.சி.க்கும் அதன் பவர், கிரவுண்ட் கால்களை ஒட்டி, கெப்பாசிட்டரின் கால்களைக் குட்டையாக வெட்டிப் பொருத்துங்கள். போர்டின் மறுகோடியில் செருகினால் பயன் போய்விடும். சப்ளை நுழையும் இடத்தில் 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றும் இருக்கட்டும். அதன் உடலில் பட்டை போட்ட பக்கம் நெகட்டிவ். மாற்றிப் போட்டால் சூடேறி வெடிக்கலாம்.

சதுர 9 வோல்ட் பேட்டரியில் மோட்டாரை ஓட்டாதீர்கள். அதன் உள்தடை அதிகம். மோட்டார் கிளம்பியதும் வோல்டேஜ் விழுந்து, புரோகிராமை ஓட்டும் ஐ.சி.யான மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகிவிடும். புரோகிராமில் தப்பு என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். வோல்டேஜை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் 7805 ரெகுலேட்டரிலும் இரண்டு தவறுகள் நடக்கின்றன. 5 வோல்ட் நிலையாகக் கிடைக்க, உள்ளே ஏறத்தாழ 7 வோல்ட்டாவது போக வேண்டும். 6 வோல்ட் பேட்டரி போதாது. மறுபக்கம், 12 வோல்ட் கொடுத்து அரை ஆம்பியர் இழுத்தால் மிச்சமுள்ள 7 வோல்ட்டும் வெப்பமாகும்: 3.5 வாட். வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் இல்லாமல் இது தாங்காது. சர்க்யூட் சிறிது நேரம் ஓடி நின்று, ஆறியதும் மறுபடி ஓடினால் அங்கேதான் பார்க்க வேண்டும்.

எல்.இ.டி.க்கு ரெசிஸ்டர் கட்டாயம். 9 வோல்ட்டில் சிவப்பு எல்.இ.டி. 2 வோல்ட் எடுத்துக்கொண்டால் மீதி 7. 15 மில்லி ஆம்பியர் போதும் என்றால் 470 ஓம் போடலாம். ரிலே (காயிலில் கரண்ட் ஓடினால் இயங்கும் சுவிட்ச்) காயிலுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு வையுங்கள், கோடு உள்ள பக்கம் பாசிட்டிவில். இல்லையென்றால் ரிலே அணையும்போது எழும் வோல்டேஜ், ரிலேயை இயக்கும் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். டிரான்சிஸ்டரின் கால்களையும் ஊகித்துச் செருகாதீர்கள். தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்கப் பிடித்தால் பி.சி.547-க்கு இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். 2என்3904-க்கு அப்படியே தலைகீழ். சிமாஸ் (CMOS) வகை ஐ.சி.யின் இன்புட் ஒன்றை எதிலும் இணைக்காமல் விட்டால், பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே அவுட்புட் மாறும். பயன்படாத இன்புட்டைக் கிரவுண்டிலோ பாசிட்டிவிலோ கட்டிவிடுங்கள். சுவிட்ச் இணைத்த இன்புட்டை, சுவிட்சுக்கு எதிர்ப்பக்கமான கிரவுண்டிலோ பாசிட்டிவிலோ 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கட்டுங்கள்.

சால்டரிங்கில் ஈயத்தை இரும்பின் நுனியில் உருக்கி இணைப்பில் தடவுவதுதான் முதல் பிழை. காலையும் செம்புப் பட்டையையும் சேர்த்துச் சூடாக்கி, ஈயத்தை அந்த இணைப்பில் தொட வேண்டும். சரியாகப் பிடித்தால் ஈயம் வழிந்து காலைச் சுற்றிச் சரிவாகப் படியும். உருண்டையாக நின்றால் உள்ளே பிடிப்பு இல்லை.

ஒன்றில் மட்டும் எனக்குச் சமரசம் கிடையாது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல், வீட்டு மின்சாரத்தைக் கெப்பாசிட்டர் வழியாகக் குறைக்கும் சப்ளையைத் தொடக்கநிலையில் கட்டவே கூடாது. அவுட்புட் 5 வோல்ட்தான் என்றாலும் சர்க்யூட்டின் எந்தப் பகுதியும் வீட்டு மின்சாரத்தோடு நேரடியாகச் சேர்ந்தே இருக்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. தரமான, மூடிய அடாப்டரிலிருந்து சப்ளை எடுங்கள். பழைய அடாப்டரைத் திறந்து பார்க்கும் ஆசையையும் தள்ளிவையுங்கள்: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டர், ஷாக் கொடுக்கப் போதுமான மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கலாம்.