கிட்னி மாத்திக்கினவங்களுக்கு அக்கி வராம பாத்துக்கறது எப்படி?

நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில 1971லயே கிட்னி மாத்தினாங்க, ஆனா அக்கி வந்தா மொதல்ல காவி எழுதத்தான் ஓடறோம். சின்ன வயசுல சின்னம்மை போட்டிருந்தா அந்த வைரஸ் ஒடம்ப விட்டு போறதில்ல, நரம்பு வேர்லயே தூங்கிக்கினு இருக்கும், டாக்ரோலிமஸ் மைக்கோபினோலேட்னு எதிர்ப்பு சக்திய அடக்கற மாத்திரை போடும்போது அக்கியா எந்திரிச்சிக்கும்.

ஸ்டெப் 1: டயாலிசிஸ்ல இருக்கும்போதே ஆரம்பிங்க. அம்மை வந்துச்சானு அம்மாகிட்ட கேளுங்க, டாக்டர்கிட்ட ரத்த டெஸ்டும் கேளுங்க. வரவே இல்லனா சின்னம்மை ஊசி போடலாமானு பேசணும். அது உயிருள்ள வைரஸ் ஊசி, ஆபரேஷனுக்கு 4 வாரமாவது முன்னாடி முடிஞ்சிருக்கணும், மாத்தினப்புறம் பொதுவா தரமாட்டாங்க.

ஸ்டெப் 2: ஷிங்ரிக்ஸ். அம்மை ஏற்கனவே வந்தவங்களுக்கான அக்கி ஊசி இது, இந்தியாவுக்கு 2023ல வந்துச்சு, விலை கொஞ்சம் கடிக்கும். இதுல உயிருள்ள வைரஸ் கெடையாது, அதனால மாத்தினவங்களும் போடலாம். 2 டோஸ், நடுவுல 2லருந்து 6 மாசம், எதிர்ப்பு சக்தி கொறைஞ்சவங்களுக்கு 1, 2 மாசத்துலயே ரெண்டாவத போடுவாங்க. முடிஞ்சா ஆபரேஷனுக்கு முன்னாடியே போட்டுக்கறதுதான் நல்லது, இல்லனா மாத்தி 6லருந்து 12 மாசம் கழிச்சு, கிட்னி நிலையா இருக்கும்போது. கை வலி, ஜுரம் ரெண்டு மூணு நாள் வரலாம், அதுக்கு பயந்து ரெண்டாவது டோஸ விட்டுடாதீங்க.

ஸ்டெப் 3: ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல அசைக்ளோவிரோ வால்கான்சைக்ளோவிரோனு வைரஸ் மருந்து தந்திருந்தா டாக்டர் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க.

ஸ்டெப் 4: அம்மை வராதவங்க, வாசல்ல வேப்பிலை சொருகின வீட்டுக்குள்ள போகாதீங்க. தெரியாம போயிட்டீங்கன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போன் அடிங்க, கொப்புளம் வரட்டும்னு காத்திருக்காதீங்க.

ஸ்டெப் 5: இவ்ளோ செஞ்சும் வரலாம். ஒடம்புல ஒரே பக்கமா எரியும், சட்டை பட்டாலே சுரீர்னும், அப்புறம் பெல்ட் மாதிரி செவந்து கொப்புளம் கெளம்பும். கொயவர் வீட்டுக்கு போய் அக்கி எழுதிக்கினு வந்தா வைரஸ் நிக்காது, காவி பூசின எடத்துல கொப்புளம் எப்படி இருக்குனே டாக்டருக்கு தெரியாது. பெரியவங்க மனசு கேக்கலனா மாத்திரை ஆரம்பிச்சப்புறம் பேசிக்கலாம். 72 மணி நேரத்துக்குள்ள மருந்து ஆரம்பிக்கணும், அது தாண்டிட்டாலும் போங்க. கண்ணுகிட்ட வந்தாலோ ஒடம்பு முழுக்க பரவினாலோ நேரா எமர்ஜென்சி. போகும்போது கிட்னி எப்படி வேலை செய்யுதுனு காட்டற கடைசி கிரியாட்டினின் ரிப்போர்ட்ட எடுத்துக்குங்க, அத பாத்துதான் அசைக்ளோவிர் அளவ முடிவு பண்ணுவாங்க.