கண்டிப்பதா, ஏசுவதா, குற்றம் சாட்டுவதா? ஆங்கிலக் கடிதத்துக்குச் சரியான சொல் பிடிக்கும் முறை

தமிழ் அறிக்கைகளில் எதற்கெடுத்தாலும் 'வன்மையாகக் கண்டிக்கின்றோம்' போட்டுப் பழகிவிட்டோம். கொலைக்கும் அதுதான், தெருவிளக்கு எரியாததற்கும் அதுதான். வாசிக்கிறவர் இடம் பொருள் பார்த்து அளந்துகொள்வார். அதையே ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வில்லங்கம் வருகிறது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கோபத்துக்கும் தனித்தனிச் சொல்.

மட்டக்களப்புப் பக்கத்துச் சங்கங்களுக்கும், முறைப்பாடு எழுதுகிற ஆட்களுக்கும் ஆங்கிலக் கடிதம் திருத்திக் கொடுத்துக்கொடுத்து எனக்கென்று அமைந்த வழி இது. சாதாரண வசனம் எழுத வரும் என்ற நம்பிக்கையில் இலக்கண அரிச்சுவடிக்குள் போகவில்லை.

படி 1: தெசோரஸை மூடி வையுங்கள்

ஒத்த பொருளுள்ள சொற்களைத் திரட்டித் தரும் அகராதிதான் தெசோரஸ். அது இந்தச் சொற்கள் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் நிறுத்தும், எதை எங்கே போடுவது என்று சொல்லாது. கூகுள் ட்ரான்ஸ்லேட்டில் 'கண்டிக்கிறோம்' என்று அடித்தால் பெரும்பாலும் 'கண்டெம்'தான் வந்து விழும். மாணவர்களுக்கென்று எழுதிய லேர்னர்ஸ் டிக்ஷனரி ஒன்று போதும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பொருளை விட்டுவிட்டு உதாரண வசனங்களை மட்டும் வாசியுங்கள். யார் யாரைச் சொல்கிறார் என்பது அதில் தெரிந்துவிடும்.

படி 2: யார், யாருக்கு?

எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான், ஆறுதலாக வாசியுங்கள். வழிகாட்டிகள் பலவும் இந்தச் சொற்களை மென்மை, கடுமை என்று ஏணி கட்டித் தருகின்றன. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. கடுமையைவிட, சொல்கிறவர் மேலே நிற்கிறாரா, பக்கத்தில் நிற்கிறாரா, ஊர்ப் பொதுவில் நிற்கிறாரா என்பதே சொல்லைத் தீர்மானிக்கிறது.

வாவியில் தடைசெய்யப்பட்ட வலை போடுவதைப் பற்றி ஒரு மீனவர் சங்கம் எழுதிய வரைவு கைக்கு வந்தது. முதல் வரியே 'வீ ரெப்ரிமாண்ட் தி டிபார்ட்மெண்ட்'. ரெப்ரிமாண்ட் என்பது மேலிருந்து கீழே மட்டும் வரும். மேலதிகாரி எழுதுவினைஞருக்குச் செய்வது, அதிபர் ஆசிரியருக்குச் செய்வது. உத்தியோகபூர்வமானது, பல இடங்களில் தனிப்பட்ட கோப்பிலும் ஏறும். சங்கத் தலைவர் திணைக்களத்தை ரெப்ரிமாண்ட் பண்ண ஏலாது. அதை 'வீ ஸ்ட்ரோங்லி ஒப்ஜெக்ட் டு' என்று மாற்றி, பின்னால் எதை எதிர்க்கிறோம் என்று எழுதினோம். கோபம் குறையவில்லை, வாசிக்கிற உத்தியோகத்தருக்குச் சிரிக்க இடமும் இல்லை.

மேலிருந்து வரும் மற்றச் சொற்கள்: அட்மோனிஷ் என்றால் ஏச்சோடு 'இனி இப்படிச் செய்யாதே' என்ற எச்சரிக்கையும் சேரும். ரெபியூக் அந்த இடத்திலேயே விழுகிற வெடுக்கென்ற கண்டிப்பு. ஸ்கோல்ட் வீட்டுச் சொல். பிள்ளை சட்டையில் சேறு பூசிக்கொண்டு வந்தால் உம்மாவோ அம்மாவோ ஏசுவது.

இந்த ஸ்கோல்ட் முறைப்பாட்டுக் கடிதங்களில் செய்கிற அநியாயம் கொஞ்சமல்ல. அலுவலகத்துக்குப் போன பெண்ணை ஒருவர் ஏசிவிட்டார். நம்முடைய பேச்சில் அந்த 'ஏசினார்' எரிந்து விழுந்ததையும் குறிக்கும், தூஷணம் கொட்டியதையும் குறிக்கும். ஆங்கிலத்தில் 'ஹி ஸ்கோல்டட் மீ' என்று எழுதினால், சின்னப்பிள்ளை ஏச்சு வாங்கி அழுவதாகப்படும். முறைப்பாடு அங்கேயே மெலிந்துபோகும். கடுகடுத்தார் என்றால் 'ஹி ஸ்போக் டு மீ ரூட்லி'. கெட்ட வார்த்தையால் தாக்கினார் என்றால் 'ஹி வேர்பலி அபியூஸ்ட் மீ'. எது நடந்தது என்று எழுதுமுன் அந்த ஆளிடமே கேளுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கோ பொலிஸுக்கோ போகிற கடிதத்தில் இந்த இரண்டுக்கும் இடையில் பெரிய தூரம்.

பக்கத்தில் நின்று சொல்வது ரிப்ரோச். அதில் கோபத்தைவிட மனவருத்தம் கூட. கட்டாரில் இருக்கிற மகன் மாதக்கணக்காகக் கதைக்காமல் திடீரென்று போன் எடுத்தால், தாய் "இருக்கியா மனே?" என்று ஒரு கேள்வி கேட்பாவே, அதுதான் ரிப்ரோச். அலுவலகக் கடிதத்தில் இதற்கு வேலையில்லை, 'பியோண்ட் ரிப்ரோச்' என்ற தொடரைத் தவிர. ஒருவரின் நடத்தையில் குறை சொல்ல எதுவுமே இல்லை என்பது அதன் பொருள்.

ஊரறியச் சொல்வது டினவுன்ஸும் கண்டெமும். டினவுன்ஸ் என்றால் பகிரங்கமாக எழுந்து நின்று 'இது தவறு' என்று அறிவிப்பது. ஒருவரை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுப்பதற்கும் அதே சொல் என்பதால் பார்த்துப் பாவியுங்கள். கண்டெமில் தார்மீகத் தீர்ப்பு இருக்கிறது. படுகொலைக்கு, குண்டுவெடிப்புக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், குப்பை லொறி வராததற்குக் கிரிட்டிசைஸ் போதும். எழுத்தில் கண்டெமின் கடைசியில் ஓர் 'என்' ஒளிந்திருக்கும். வாயால் சொல்லும்போது கேட்காது, 'கண்டெம்னேஷன்' என்னும்போதுதான் வெளியே வரும்.

படி 3: ஆளையா, செயலையா?

டிப்ளோர் என்றால் மிகத் தவறு என்று வருத்தத்தோடு கண்டிப்பது. அது செயலுக்கும் நிலைமைக்கும் மட்டும்தான். 'வன்முறையை டிப்ளோர்' சரி, 'அமைச்சரை டிப்ளோர்' பிழை. ஐ.நா. தீர்மானங்களில் பொதுவாக டிப்ளோர் கண்டெமுக்கு ஒரு படி கீழே நிற்கும். எதைப் போடுவது என்று இராஜதந்திரிகள் மணிக்கணக்கில் இழுபடுவதும் உண்டு. கண்டெம் ஆளுக்கும் வரும், செயலுக்கும் வரும், கட்டடத்துக்கும் வரும். கட்டடத்துக்கு வந்தால் பாவனைக்கு உதவாது என்று அதிகாரிகள் தீர்ப்பளித்ததாகப் பொருள். பஸ் தரிப்பிடம் அழுக்காக இருக்கிறது என்று சொல்ல நினைத்து 'கண்டெம்' போட்டால் இடிக்கச் சொன்னதாகிவிடும்.

படி 4: சென்ஷர் வேறு, சென்சர் வேறு

படத்தை வெட்டுவது சென்சர். சென்ஷர் என்பது ஓர் அவை வாக்கெடுத்துத் தன் உறுப்பினரையோ ஆட்சியாளரையோ முறைப்படி கண்டிப்பது. அமெரிக்க செனட் 1954 டிசம்பர் 2 அன்று தன் உறுப்பினரான ஜோசப் மெக்கார்த்தியை 67க்கு 22 என்ற வாக்குகளால் இப்படிக் கண்டித்தது. வேடிக்கை என்னவென்றால், நிறைவேறிய வாசகத்தில் இருந்த சொல் 'கண்டெம்ட்'. அதைப் பிடித்துக்கொண்டு அவருடைய ஆட்கள் இது சென்ஷரே இல்லை என்று வாதாடிப் பார்த்தார்கள். செனட் இன்றைக்கும் அதைச் சென்ஷர் கணக்கிலேயே வைத்திருக்கிறது. உங்கள் சங்கத்தில் பொதுக்கூட்டம் கூடித் தீர்மானம் போட்டு ஒருவரைக் கண்டித்தால் தாராளமாக இந்தச் சொல்லை எழுதலாம்.

படி 5: பின்னால் வரும் குட்டிச் சொல்

'மீது குற்றம் சாட்டினார்' என்ற பழக்கத்தில் 'அக்கியூஸ் ஒன்' என்று எழுதுகிறோம். அக்கியூஸுக்கு 'ஒஃப்'. சார்ஜுக்கு 'வித்', அதுவும் பொலிஸோ வழக்குத்தொடுநரோ செய்தால் மட்டும். கிரிட்டிசைஸ், கண்டெம், ரெப்ரிமாண்ட் மூன்றுக்கும் 'ஃபோர்'. பிளேம் மட்டும் இரண்டு பக்கமும் திரும்பும்: ஆளை முதலில் சொன்னால் 'ஃபோர்', பிழையை முதலில் சொன்னால் 'ஒன்'.

பிளேமுக்கு இன்னொரு சலுகையும் உண்டு. அது காரணத்தைச் சுட்டும் சொல், ஆள் தேவையில்லை. வயல் வெள்ளத்தில் போனதற்கு மழையைப் பிளேம் பண்ணலாம், வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தைப் பிந்தி வெட்டியதையும் பிளேம் பண்ணலாம். மழையை அக்கியூஸ் பண்ண முடியாது.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி 'டிஸ்அப்ரூவ்' எங்கே என்று கேட்டிருந்தா. நல்ல கேள்வி, அது விட்டுப்போயிற்று. டிஸ்அப்ரூவ் ஒஃப் என்றால் மனதுக்குப் பிடிக்கவில்லை என்பதுதான். வாய் திறந்து சொல்ல வேண்டும் என்றுகூட இல்லை. 'ஒஃப்' இல்லாவிட்டால் அனுமதி மறுத்ததாகிவிடும், பிரதேச சபை கட்டட வரைபடத்தைத் திருப்பி அனுப்புவதைப் போல. ஆகவே கல்யாணப் பேச்சு வாப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று எழுதும்போது அந்த 'ஒஃப்'பை விட்டுவிடாதீர்கள், தங்கச்சி.