கமடோர் 64 விளையாட்டுகள்: ஆடவும் சேகரிக்கவும்

கமடோர் 64 விளையாட்டுகளைச் சேகரிக்க ஆசைப்படும் பலர் முதல் வேலையாகக் கணினியை வாங்கிவிடுகிறார்கள். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். 1982இல் வந்த அந்தக் கணினிக்கு ஆயிரக்கணக்கான விளையாட்டுகள் உண்டு. அவற்றில் உங்களுக்கு எவை பிடிக்கும் என்று தெரியாமல் வாங்கத் தொடங்கினால் அலமாரி நிறையும், ஆட்டம் நடக்காது.

முதலில் வைஸ் என்ற இலவச எமுலேட்டரை, அதாவது பழைய கணினியைப் போலவே இயங்கும் மென்பொருளை, உங்கள் இன்றைய கணினியில் நிறுவுங்கள். அதில் கவனிக்க வேண்டியது வேகம். ஐரோப்பாவில் எழுதப்பட்டவை பெரும்பாலும் நொடிக்கு 50 முறை திரை மாறும் பிஏஎல் என்ற டிவி முறைக் கணினிக்கானவை. அமெரிக்காவில் எழுதப்பட்டவை 60 முறை மாறும் என்டிஎஸ்சி கணினிக்கானவை. பல விளையாட்டுகளில் திரை மாறும் ஒவ்வொரு முறையும் இசைக்கான நிரல் ஒருமுறை ஓடும். அதனால் ஐரோப்பிய விளையாட்டை 60இல் ஓட்டினால் பாட்டும் ஆட்டமும் ஐந்தில் ஒரு பங்கு வேகமாகிவிடும். விளையாட்டு எங்கே எழுதப்பட்டது என்று பார்த்து அமைப்பை மாற்றுங்கள். ஜாய்ஸ்டிக்கை இரண்டாம் போர்ட்டில் வையுங்கள். ஒருவர் ஆடும் விளையாட்டுகள் பெரும்பாலும் அங்கேதான் எதிர்பார்க்கின்றன. விசைப்பலகையில் ஆடாதீர்கள். இவை ஒரே பொத்தான் உள்ள ஜாய்ஸ்டிக்குக்காக எழுதப்பட்டவை, பலவற்றில் குச்சியை மேலே தள்ளினால்தான் குதிக்க முடியும்.

தொடங்க இரண்டு விளையாட்டுகளைச் சொல்கிறேன். 1984இல் வந்த இம்பாசிபிள் மிஷனில் அறை அறையாகப் போய் மேசை, அலமாரி எல்லாவற்றையும் துழாவ வேண்டும். ரோபோக்களின் நடத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும் என்பதால் மனப்பாடம் உதவாது. அறைக்குள் போனதும் கொஞ்சம் நின்று, எந்த ரோபோ எதற்குத் திரும்புகிறது என்று பாருங்கள். ஒருமுறை செத்தால் ஆட்டக் கடிகாரத்தில் பத்து நிமிடம் போய்விடும், ஆகவே பொறுமைக்குப் பலன் உண்டு. அடுத்தது, ஆண்ட்ரூ பிரேபுரூக் எழுதிய பாராடிராய்ட், 1985. ரோபோக்கள் வெறும் எண்களாகத்தான் தெரியும். எண் பெரிதானால் ஆபத்தும் பெரிது. உங்கள் பார்வைக் கோட்டில் இல்லாத ரோபோ திரையிலேயே தெரியாது. சுவர் மூலையைத் தாண்டும்போது வரும் அந்தப் பயம், படம் அழகாக இருப்பதால் வருவதல்ல. இவ்வளவு சின்ன நினைவகத்தில் இதைச் செய்திருக்கிறார் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

இந்தக் கணினியை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது சிட் என்ற ஒலிச் சில்லு. பாப் யானஸ் வடிவமைத்தது. அதில் மூன்றே குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் மூன்று ஒலிகள்தான் எழும். ராப் ஹப்பர்ட் இசையமைத்த மான்டி ஆன் தி ரன் விளையாட்டை ஓடவிட்டுக் காதால் மட்டும் கேளுங்கள். மூன்று குரல்களை வைத்துக்கொண்டு இத்தனை வாத்தியங்கள் எப்படி? ஒரே குரல் ஒரு கணம் முரசாக அடித்துவிட்டு அடுத்த கணம் வேறு வாத்தியமாக மாறும். மூன்று சுரங்களை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி வாசித்தால் காதுக்கு அவை சேர்ந்து ஒலிக்கும் ஒரே சுரக்கூட்டாகக் கேட்கும். சிட் பிளேயர் மென்பொருள்கள் சிலவற்றில் ஒவ்வொரு குரலையும் தனியாக அணைக்க முடியும். அப்படிக் கேட்டுப் பாருங்கள், இந்தத் தந்திரம் பிடிபடும். பழைய 6581 சில்லும் பின்னால் வந்த 8580 சில்லும் ஒரே மாதிரி ஒலிக்காது. 6581இல் சில்லுக்குச் சில்லு, ஒலியை வடிகட்டும் ஃபில்டர்கூட வேறுபடும். விளையாட்டு வந்த காலத்துச் சில்லை எமுலேட்டரில் தேர்ந்தெடுங்கள்.

படத்துக்கும் இதே மாதிரிக் கட்டுப்பாடு உண்டு. 24க்கு 21 புள்ளி அளவில் எட்டு ஸ்பிரைட்கள், அதாவது திரையில் தனியே நகர்த்தக்கூடிய உருவங்கள்தான் வன்பொருளில் உள்ளன. திரையில் எட்டுக்கு மேல் தெரிந்தால், திரையை வரையும் கதிர் கீழே இறங்க இறங்க அதே ஸ்பிரைட்டை வேறு இடத்துக்கு மாற்றி வரைந்திருக்கலாம். சில நிரலாளர்கள் எழுத்துகளின் வடிவத்தை மாற்றி அவற்றையே உருவங்களாக நகர்த்திவிடுவார்கள்.

சரி, பிடித்தவை தெரிந்துவிட்டதா? இப்போது கணினியை வாங்கலாம். அதனுடன் வரும் பழைய பவர் சப்ளையை மட்டும் சொருகாதீர்கள். வயதானால் அதிலுள்ள 5 வோல்ட் ரெகுலேட்டர் கெட்டு மின்னழுத்தம் ஏறும்; நினைவகச் சில்லுகள் கருகும். இன்று சோதித்துச் சரியாக இருந்தாலும் நாளைக்கு உத்தரவாதம் இல்லை. புதிதாகத் தயாரான சப்ளையை வாங்குங்கள். ஜாய்ஸ்டிக், கார்ட்ரிட்ஜ் எதை மாட்டினாலும் கழற்றினாலும் முதலில் கணினியை அணைத்துவிடுங்கள்.

டிஸ்கிலிருந்து ஏற்ற, லோட் கட்டளைக்குப் பின் "*",8,1 என்று அடித்தால் பெரும்பாலும் போதும். கமடோரின் 1541 டிஸ்க் டிரைவ் மெதுவானது. ஆனால் அதற்குள்ளேயே தனிச் செயலியும் 2 கேபி நினைவகமும் இருப்பதால், விளையாட்டுகள் வேகமாக ஏற்றும் தங்கள் சொந்த லோடர் நிரலை அதற்குள் அனுப்பி ஓட்டும். டிரைவுக்குப் பதிலாக மாட்டும் மலிவான எஸ்டி கார்டு சாதனங்கள் பல விளையாட்டுகளில் தடுமாறுவதற்கு இதுதான் காரணம். 1541ஐ முழுமையாகப் போலச் செய்யும் சாதனமாகப் பார்த்து வாங்குங்கள்.

சேகரிக்கும்போது பெட்டியும் கையேடும் உள்ள பிரதியைத் தேடுங்கள். சில விளையாட்டுகள் கையேட்டிலுள்ள வார்த்தையைக் கேட்டுத்தான் உள்ளே விடும். ஃபிளாப்பியை வாங்கியதும் உறையின் திறப்பு வழியாகக் காந்தப் பரப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை இருந்தால் டிரைவில் போடவே போடாதீர்கள். டிஸ்கைப் படிக்கும் ரீட் ஹெட் அழுக்காகி அடுத்த டிஸ்கையும் கீறிவிடும். கேசட் ஏறவில்லை என்றால் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். அப்புறமும் ஏறாவிட்டால் ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்யும் சின்னத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள்.

ஓடும் டிஸ்க் ஒன்று கிடைத்தால் அன்றே நகலெடுங்கள். சாதாரண டிஸ்குக்கு டி64 கோப்பு போதும், நகல் பாதுகாப்பு உள்ளதற்கு ஜி64, கேசட்டுக்கு டேப் (TAP) கோப்பு. எடுத்த நகலை எமுலேட்டரில் முதல் கட்டம் வரை ஆடிப் பார்த்துவிட்டு, அசல் டிஸ்கை உறையில் போட்டு நிமிர்த்தி வையுங்கள், ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம்.